இரண்டு இழை சேர்த்துப் பின்னும்போது வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

"அக்கா, நான் எங்கேயும் கண்ணி கூட்டவில்லை. 30 போட்டுத் தொடங்கினேன், இப்போது 34 இருக்கிறது" என்றாள் எங்கள் புளோக்கின் எட்டாவது மாடிப் பெண். ஈரச்சந்தைக்கு எடுத்துப்போவதற்காகப் பருத்தி நூலில் இரண்டு இழை சேர்த்து ஒரு பை பின்னிக்கொண்டிருந்தாள். "நீ கூட்டவில்லையம்மா, நூல் கூட்டியிருக்கிறது" என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. ஊசியை வாங்கி ஒவ்வொரு கண்ணியாக, அதாவது ஊசிமேல் நிற்கும் ஒவ்வொரு நூல்வளையமாக, விரித்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

சிங்கப்பூர் வெயிலுக்குத் தடித்த கம்பளி யாருக்கும் வேண்டாம். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பதும், வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடப்பதும் பெரும்பாலும் மெல்லிய நூல். பை, கூடை, கால்மிதி, அலுவலகக் குளிரூட்டிக்கு ஒரு சால்வை என்று எதைப் பின்னினாலும் இரண்டு இழை சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும், துணியும் உறுதியாக இருக்கும். சிக்கல் ஒன்றுதான். கை இரண்டு இழையையும் ஒன்றாக நடத்த வேண்டும். கண் மட்டும் அவை இரண்டு என்பதை மறக்கக் கூடாது. பிசகுகளில் பாதி ஊசி முனையில் நடக்கும், மீதி பாதி தரையில் கிடக்கும் உருண்டைகளில் நடக்கும். இரண்டாவது வகையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதனால்தான் பிரித்துப் பின்னினாலும் அதே கோளாறு மறுபடியும் வருகிறது.

கண்ணி எண்ணிக்கை தானாகக் கூடுகிறது

ஒரு கண்ணியின் இரண்டு இழைகளை இரண்டு கண்ணிகளாக எண்ணிப் பின்னியிருப்பீர்கள். ஊசிகளில் பின்னுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அதுவும் வரிசையின் முதல் கண்ணியில். திருப்பியவுடன் நூலைப் பின்பக்கம் இழுத்துவிட்டால், கீழ்வரிசைக் கண்ணி ஊசிமேல் ஏறி நின்று நான்கு இழையாகத் தெரியும். அதை இரண்டு கண்ணி என்று கை நினைத்துக்கொள்ளும். நூலை முன்பக்கம் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தபடி முதல் கண்ணியைப் பின்னுங்கள். ஓரத்தில் கூடுவது நின்றுவிடும்.

நடுவில் கூடியிருந்தால் தேடும் முறை வேறு. ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் தள்ளித் தள்ளி விரித்து, ஒவ்வொன்றின் அடியைப் பாருங்கள். அடியில் இரண்டு இழையோடு இருப்பவை நல்லவை. அடியில் ஒற்றை இழையோடு மெலிந்து, பக்கத்தில் அதேபோல் மெலிந்த ஒரு ஜோடியோடு நிற்பது கோளாறு. அது அந்த வரிசையிலேயே நடந்திருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள், கதை முடிந்தது. சில வரிசைகளுக்கு முன்பே நடந்திருந்தால் கூடுதல் கண்ணியை ஊசியிலிருந்து கழற்றி, ஏணிபோல் கீழே இறங்கவிட்டு, குரோஷே ஊசியால் (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி) மறுபடி ஏற்றலாம் என்பார்கள். ஆனால் அந்தக் கண்ணிக்கு அங்கே இடமே இருந்ததில்லை. இறக்கினால் அதன் நூல் தளர்ந்து பக்கத்துக் கண்ணிகளைத் தொளதொளக்க வைக்கும். ஐந்து வரிசைக்குள் என்றால் இறக்கி, தளர்வைப் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் பிரிப்பதே மேல். பை என்றால் இன்னொரு வழியும் உண்டு. அடுத்த வரிசையில், கூடிய ஒவ்வொரு கண்ணிக்கும் ஓரிடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அதைத்தான்.

குரோஷேக்காரர்களுக்குக் கண்ணி கூடும் காரணம் பெரும்பாலும் தொடக்க வால். நூலின் நுனியை வெட்டாமல் விட்டு, அதையும் சேர்த்துப் பிடித்து முதல் சில தையல்களைப் போட்டிருப்பீர்கள். இரண்டு இழையும் இரண்டு வாலும் சேர்ந்து நான்கு இழையாகும். அடுத்த வரிசையில் எது கண்ணியின் தலை என்றே தெரியாது. முதல் தையலிலும் கடைசித் தையலிலும் நிறமுள்ள குறிப்பான்களை மாட்டிவிடுங்கள். குறிப்பான் இல்லாவிட்டால் காகிதக் கிளிப் போதும்.

கண்ணிக்கு வெளியே ஒரு தனி இழை கிடக்கிறது

ஊசி ஒரு இழையை மட்டும் பிடித்து, மற்றதை விட்டுவிட்டது. ஊசிப் பின்னலில் இதைச் சரிசெய்வது எளிது. அந்தக் கண்ணிக்கு நேர்மேலே வரும்போது, ஊசியில் உள்ளதைக் கழற்றிப் பிசகு நடந்த வரிசை வரை இறக்குங்கள். தனியாகக் கிடந்த இழையையும் சேர்த்து இரண்டாகப் பிடித்துக் குரோஷே ஊசியால் ஏற்றுங்கள். குரோஷேயில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு தையலும் முந்தைய தையலில் பூட்டியிருப்பதால், அங்கே போக ஒரே வழி பிரிப்பதுதான். விட்டுப்போனது ஒரே ஒரு இடம், அதுவும் பையின் உள்பக்கம் என்றால், மழுங்கிய தையல் ஊசியால் அந்த இழையை உள்ளே இழுத்து அடுத்த தையலின் கீழ் மறைத்துவிடலாம். எக்காரணம் கொண்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். இரண்டில் ஒன்று வெட்டுப்பட்டால் அதன் முனைகள் அவிழ்ந்து, பாரம் முழுதும் மற்ற ஒற்றை இழைமேல் விழும்.

இது திரும்பத் திரும்ப நடந்தால் கையைத் திட்டாமல் ஊசி முனையைப் பாருங்கள். கூர்மையான முனை இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். ஒற்றை இழையில் லேஸ் பின்ன அது நல்லது. இரட்டை இழைக்குச் சற்று மழுங்கிய முனைதான் நல்லது. குரோஷே ஊசி என்றால் கொக்கிக்குக் கீழுள்ள பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். ஆழமற்ற பள்ளத்தில் முதல் இழை உட்காரும், இரண்டாவது வெளியே சறுக்கும். நம் ஊர் ஈரப்பதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. விடியலுக்கு முன் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்கூட 60 சதவீத அளவுக்குத்தான் இறங்கும். வியர்த்த கையில் மூங்கில் ஊசியும் பிளாஸ்டிக் ஊசியும் நூலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. இரண்டு இழையில் ஒன்று வரும், ஒன்று பின்தங்கும். அலுமினிய ஊசிக்கு மாறிய பிறகு எனக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. பெருவிரைவு ரயிலின் குளிரில் மூங்கிலும் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஒரு இழை இறுகி, மற்றது வளையம் வளையமாக எட்டிப் பார்க்கிறது

இதுதான் எல்லாரையும் ஏமாற்றும் கோளாறு. துணியைத் தட்டித் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. பின்னலை மடியில் வைத்துவிட்டு, இரண்டு உருண்டைகளிலிருந்தும் ஒரு முழம் நூலை ஒரே கையால் மெதுவாக இழுங்கள். ஒன்று சரசரவென்று வந்து, இன்னொன்று இழுத்துப் பிடித்தால் நோய் அங்கேதான் இருக்கிறது. ஒரு உருண்டைமேல் காகிதப் பட்டை இறுக்கமாக இருக்கும். அல்லது ஒன்று கடையில் சுற்றிய தளர்ந்த உருண்டை, மற்றது நீங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கல்போல் சுற்றியது. இரண்டையும் ஒரே பதத்தில் தளரச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டும் சமமாக வருகின்றன, ஆனாலும் ஒன்று துருத்துகிறது என்றால், நூல் வகையைப் பாருங்கள். கம்பளி ரப்பர்போல் நீளும், பருத்தி நீளாது. இரண்டையும் ஒரே விரலில் ஒரே இழுப்பில் பிடித்தால் கம்பளி நீண்ட நிலையில் கண்ணிக்குள் போகிறது. கையிலிருந்து விடுபட்டதும் அது சுருங்கித் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். பருத்திக்குச் சுருங்கத் தெரியாததால் மிஞ்சிய நீளம் வளையமாக வெளியே தள்ளும். எனவே அவற்றை வெவ்வேறு விதமாகப் பிடிக்க வேண்டும். பருத்தியைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றுங்கள். கம்பளியை எதிலும் சுற்றாமல் விரல்களின் மேலே சும்மா ஓடவிடுங்கள். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

ஏற்கெனவே பின்னிய இடத்தில் வளையங்கள் இருந்தால், தையல் ஊசியின் மழுங்கிய முனையால் அந்த இழையை மட்டும் ஒவ்வொரு கண்ணியாக ஓரத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். பொறுமை வேண்டும். ஒரு சால்வையின் நான்கு வரிசைக்கு எனக்கு ஒரு முழு மாலை ஆனது. பிரித்துப் பின்னியிருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடித்திருப்பேன்.

இரண்டு இழையும் கயிறாக முறுக்கிக்கொள்கின்றன

இது பின்னலுக்குக் கெடுதல் இல்லை. முறுக்கிய இரண்டு இழை ஊசிக்கு எளிதாகவே அகப்படும். முறுக்கு உருண்டை வரை இறங்கி இடியாப்பச் சிக்கலாகும்போதுதான் வேலை நிற்கிறது.

காரணம் நீங்கள் துணியைத் திருப்பும் விதம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரே பக்கமாகத் திருப்பினால் ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று சேரும். 60 வரிசையில் 30 முழு முறுக்கு. தீர்வு கேட்கவே சிரிப்பாக இருக்கும்: ஒரு முறை இடம் சுற்றித் திருப்பினால், அடுத்த முறை வலம் சுற்றித் திருப்புங்கள். அவ்வளவுதான். உருண்டைகளை ஆளுக்கொரு கிண்ணத்தில் இடமும் வலமுமாக வைத்தால் இன்னும் நல்லது.

பையின் அடிப்பாகம், கூடை, தொப்பி போன்றவற்றை வட்டமாகப் பின்னும்போது இந்த உபாயம் உதவாது. துணி உங்கள் கையில் ஒரே திசையில்தான் சுற்றும், ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. இங்கே உருண்டைகளைப் பிரித்து வைப்பதும் தவறு. இரண்டையும் ஒரே பிஸ்கட் டின்னில் போடுங்கள். முறுக்கு கண்ணில் பட்டதும் டின்னை அது பிரியும் திசையில் சுழற்றுங்கள். ஐந்து சுற்று பின்னினால் டின்னுக்கும் ஐந்து சுற்று. மறந்து போனால் நூலை உருண்டைக்கு அருகில் முடி கிளிப்பால் பூட்டி, பின்னலைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அதுவே சுழன்று முறுக்கை விடுவித்துக்கொள்ளும்.

ஒரே உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்துப் பின்னுபவர்கள் உண்டு. ஒரு கண்டு வாங்கினால் போதும் என்ற சிக்கனம். எனக்கு இது பிடிப்பதேயில்லை. வெளிநூல் அவிழும்போது ஒவ்வொரு சுற்றும் உள்நூலின்மேல் ஒரு முறை சுற்றிக்கொள்ளும். கடைசி 20 கிராம் வரும்போது உருண்டை நடுவில் குழிந்து சரிந்துவிடும். அதற்குப் பிறகு மீன்வலையைத்தான் பிரிப்பீர்கள். சமையலறைத் தராசு வீட்டில் இருக்கிறதே. 100 கிராம் கண்டைத் தராசில் வைத்து, எண் 50 காட்டும்வரை இன்னொரு உருண்டையாகச் சுற்றி எடுங்கள். கால் மணி நேர வேலை.

துணி அட்டைபோல் விறைத்து நிற்கிறது

நூலை இரட்டிப்பாக்கிவிட்டு ஊசியை மாற்றாமல் பின்னியிருப்பீர்கள். அல்லது நேர்மாறாக, நூல் இரட்டிப்பு என்பதால் ஊசியையும் இரட்டிப்பாக்கி, கொசுவலைபோல் ஒன்றைப் பின்னியிருப்பீர்கள். இரண்டு இழை சேர்ந்தால் தடிமன் இரண்டு மடங்கு ஆவதில்லை. பரப்புதான் இரண்டு மடங்கு, குறுக்களவு 1.4 மடங்கு. எனவே ஊசி அளவை 1.4 ஆல் பெருக்குங்கள். 4 மில்லிமீட்டர் ஊசிக்கு உகந்த நூலை இரண்டாக்கினால் 5.6 வருகிறது. 5.5, 6 இரண்டிலும் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். கண்ணிக் கணக்கும் அப்படித்தான்: 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்த நூல் இரண்டாகும்போது ஏறத்தாழ 16 வரும்.

நிமிர்ந்து நிற்க வேண்டிய கூடைக்கு அதைவிட ஒரு அளவு சிறிய ஊசியும், தோளில் தவழ வேண்டிய சால்வைக்கு ஒரு அளவு பெரியதும் எடுங்கள். இரட்டைப் பருத்தியில் ரிப் (நீண்டு சுருங்கும் கோடுகோடான விளிம்புப் பின்னல்) பின்னாதீர்கள். பருத்திக்கு மீள்தன்மை இல்லை. இரண்டே நாளில் விளிம்பு வாயைப் பிளந்துகொண்டு தொங்கும்.

பின்னல் குறிப்பில் சொன்ன தடித்த நூல் இங்கே கிடைக்கவில்லை, இரண்டு மெல்லியவற்றால் ஈடுகட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்டையில் எழுதியிருக்கும் மீட்டரைப் பாருங்கள், தடிமனின் பெயரை நம்பாதீர்கள். 100 கிராமுக்கு 400 மீட்டர் உள்ள நூல் இரண்டாகும்போது 100 கிராமுக்கு 200 மீட்டர் ஆகிறது. குறிப்பில் உள்ள நூலும் அதற்கு அருகில் இருந்தால் பொருந்தும். இரண்டும் வெவ்வேறு நூல் என்றால் ஒரு மீட்டரின் எடையைக் கூட்டுங்கள். மேற்சொன்ன நூல் மீட்டருக்கு 0.25 கிராம். 25 கிராமில் 210 மீட்டர் ஓடும் மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) நூல் மீட்டருக்கு 0.12 கிராம். கூட்டினால் 0.37. நூறை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 270 மீட்டர். மொஹேரின் முடி இடத்தை அடைத்துக்கொள்வதால் கணக்கு சொல்வதைவிடச் சற்றுத் தடித்த நூலாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நூல் தீர்ந்துவிட்டது

குறிப்பு 300 மீட்டர் என்றால் உங்களுக்கு 600 மீட்டர் வேண்டும். இதை எல்லாரும் அறிவார்கள், கடையில் நிற்கும்போது எல்லாரும் மறப்பார்கள். ஒரு வரிசைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க, வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டைகளை எடை போடுங்கள்.

புதிய உருண்டையை இணைக்கும்போது இரண்டு இழையையும் ஒரே இடத்தில் மாற்றாதீர்கள். அங்கே புடைத்துக்கொண்டு நிற்கும், பலவீனமும் ஆகும். ஒன்றை இங்கே, மற்றதைப் பத்துப் பதினைந்து கண்ணி தள்ளி. இரட்டை இழையின் பெரிய வசதியே இதுதான்: ஒன்று மாறும்போது மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். வால்களையும் எதிரெதிர்த் திசைகளில் செருகுங்கள்.

சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்குப் பட்டையில் இடும் எண்) வேறாக இருந்தாலும் இதே வசதி கைகொடுக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் எண்ணைப் பார்க்காமல் வாங்கிய நீல நூல், வீட்டுக்கு வந்து பார்த்தால் பழையதைவிட ஒரு மாற்று வெளுப்பு. பழையதில் ஒரு இழை, புதியதில் ஒரு இழை என்று பத்து வரிசை ஓட்டிவிட்டுப் பிறகு முழுதும் புதியதுக்கு மாறினேன். எங்கே மாறியது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. இரண்டு வேறு நிறங்களைக் கலக்கும்போது திட்டுத் திட்டாகத் தெரிகிறதே என்று கேட்டால், அதற்கு வைத்தியம் கிடையாது. அதுதான் அதன் அழகு. பிடிக்காவிட்டால் ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களை எடுங்கள்.

மொஹேர் சேர்த்ததைப் பிரிக்கவே முடியவில்லை

இழுக்காதீர்கள். இழுத்தால் முடிகள் முடிச்சாகிவிடும். இரண்டு இழையையும் தனித்தனியாக, ஒரு நேரத்தில் நான்கைந்து கண்ணி மட்டும், ஒன்று மாற்றி ஒன்றாகப் பிரியுங்கள். பின்னலைப் பையில் போட்டு உறைபெட்டியில் சிறிது நேரம் வைத்தால் முடிகள் ஒன்றையொன்று விடுவதாகப் பலர் சொல்வார்கள். நானும் வைத்துப் பார்த்தேன், ஓரளவு எளிதாக இருந்தது. என் கணவர்தான் உறைந்த மீனுக்குப் பக்கத்தில் ரோஜா நிறப் பொட்டலம் என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துவைத்த பிறகு கெட்டுப்போனது

சாயம் கலந்தால் அது துவைத்த பின் தீர்க்கும் கோளாறு இல்லை. சிவப்பும் வெள்ளையும் சேர்க்கும் முன் சிவப்பில் ஒரு சாண் நூலை வெள்ளைத் துணியோடு வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். அதேபோல் சாதாரணக் கம்பளியையும், இயந்திரத்தில் துவைக்கலாம் என்று பட்டையில் எழுதியிருக்கும் கம்பளியையும் சேர்க்காதீர்கள். ஒன்று சுருங்கித் திரளும், மற்றது அப்படியே இருக்கும், துணி சொறிபிடித்ததுபோல் ஆகிவிடும்.

புழுக்க நாற்றம் வந்தால் துணி சரியாகக் காயவில்லை என்று பொருள். இரட்டைப் பருத்தி நிறையத் தண்ணீர் குடிக்கும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைப் பக்கத்தில் போட்டுவைத்தால் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் இருக்கும். வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள். தடித்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுங்கள். பிறகு துணி உலர்த்தும் சட்டத்தின்மேல் படுக்கையாக விரித்து, மின்விசிறியை அதன்மேல் திருப்புங்கள். இடையில் ஒருமுறை புரட்டிப்போடுங்கள்.

மூங்கில் கழியில் மட்டும் மாட்டாதீர்கள். நனைந்த இரட்டைப் பருத்தி தன் எடையாலேயே நீண்டுவிடும். எட்டாவது மாடிப் பெண் தன் பையைக் கைப்பிடியில் மாட்டிக் கழியில் தொங்கவிட்டாள். மறுநாள் பை நான்கு விரற்கடை வளர்ந்திருந்தது. அவள் வருத்தப்படவில்லை. இப்போது அதில் வெங்காயத்தோடு முருங்கைக்காயும் முறியாமல் நிற்கிறதாம்.